மந்திரி காத்திருந்த நாள்

சனிக்கிழமை காலை கறிவேப்பிலை வாங்கப் போகும் வழியில் பார்த்தேன், உங்கள் வீட்டு டிரைவ்வேயில் பழைய சாமான்களைப் பரப்பி கராஜ் சேல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளுக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் நடுவே உங்கள் வாக்கர் நின்றது. வழுக்காமலிருக்க அதன் கால்களில் நான் மாட்டிய பச்சை டென்னிஸ் பந்துகள் அப்படியே இருந்தன. “விளையாட்டுச் சாமான்மேல் மந்திரி நடப்பதில்லை” என்று அன்று ஒரு மணிநேரம் அடம்பிடித்தீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்த உங்களுக்குப் பயிற்சி கொடுக்க பிஸியோதெரபிஸ்டாக வந்தவள் நான். உங்கள் மகள் ஹெல்கா வாசலிலேயே எச்சரித்தார்: மினிஸ்டர் என்று கூப்பிட்டால்தான் காலை அசைப்பார். வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் சிரித்தார். “நம்ம ஊரு மினிஸ்டர் மாதிரி கான்வாய் எல்லாம் உண்டாமா? கேட்டுட்டு வா.” கேட்டேன். எங்கள் ஊரில் மந்திரி வந்தால் ரோட்டோரம் சுண்ணாம்புப் பவுடர் போடுவார்கள் என்றும் சொன்னேன். நீங்கள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

வலி தெரியாமலிருக்க உங்களைப் பேசவிடுவேன். பேச்செல்லாம் உங்கள் பதவியைப் பற்றித்தான். யுத்த காலத்தில் நீங்கள் ஜெர்மனியில் வரி அலுவலகத்துச் சின்ன அதிகாரி. நாஜிகள் பிடித்துக்கொண்டு போன யூதக் குடும்பங்களின் கட்டிலையும் பீரோவையும் ஏலம் விடுவது உங்கள் வேலை. யுத்தம் முடிந்து விசாரணை வந்தபோது உங்கள் பழைய மேலதிகாரி சாட்சி சொல்லிக் காப்பாற்றினார். மனைவி யூதப் பெண் என்பதற்காக வேலையை இழந்த மனிதர் அவர். அதற்குப் பிறகு கட்சி, சட்டசபை, கடைசியில் மாநிலத்தின் நிதி மந்திரி. இடிந்து கிடந்த ஊர்களில் பாலமும் பள்ளிக்கூடமும் எழும்ப வைத்தீர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மேலதிகாரி இறந்தபின் அவர் மனைவி பென்ஷன் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பகல் முழுக்க வெளியறையில் உட்கார வைத்தீர்கள். சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு, அவரைப் பார்க்காமல் தாண்டிப் போனீர்கள். சட்டத்தில் இடமில்லை என்று உதவியாளர் சொல்லி அனுப்பினார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“கொடுத்திருந்தால், ஏன் அவளுக்கு மட்டும் என்று எவனாவது கேட்டிருப்பான். பழசைக் கிளறியிருப்பான். கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிறவன்தான் மந்திரியாக நீடிப்பான்.” அதே குரலில், “இன்னும் எத்தனை தடவை காலை மடக்க வேண்டும்?” என்றீர்கள்.

அப்படியும் கேள்வி வந்தது. நீங்கள் ஏலக்கூடத்தில் நிற்கும் படத்தை அந்த உதவியாளரே பத்திரிகைக்குக் கொடுத்தார். உடல்நிலை சரியில்லை என்று சொல்லி ராஜினாமா செய்தீர்கள். பிறகு அமெரிக்காவில் மகளோடு வந்து தங்கிவிட்டீர்கள்.

உங்கள் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு ஜெர்மனியிலிருந்து உங்கள் மாநில அரசின் சார்பில் ஒருவர் வருவதாக ஹெல்கா சொல்லியிருந்தார். காலையில் நான் வந்தபோது கறுப்பு சூட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். பயிற்சி வேண்டாம், டை முடிச்சைச் சரிசெய் என்றீர்கள். செய்துவிட்டுப் போனேன். மற்ற வீடுகளை முடித்துக்கொண்டு, சாயங்காலம் உங்களுக்காகக் கிளறிய கேசரியோடு திரும்பி வந்தேன். அதே நாற்காலியில் இருந்தீர்கள். சட்டையில் கறை பட்டுவிடும் என்று மதியம் சாப்பிடவும் இல்லை. ஃப்ளைட் லேட்டாகியிருக்கும் என்றீர்கள்.

சமையலறையில் ஹெல்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வருகிறவர் எங்கே என்று கேட்டேன்.

“யாரும் வரப்போவதில்லை. நான் யாரையும் கூப்பிடவே இல்லை” என்றார், தலை நிமிராமல்.

மேலதிகாரியின் மனைவி காத்திருந்த அந்த வெளியறையில் அன்று ஹெல்காவும் இருந்திருக்கிறார். பள்ளி சீக்கிரம் விட்டதால் அப்பாவுக்காகக் காத்திருந்த சின்னப் பெண். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா தான் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்திருக்கிறார். “அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். இன்று அப்பா உட்காரட்டும்.”

நான் கூடத்துக்கு வந்தேன். அமெரிக்க வீடுகளின் சுவர் அட்டைதானே, எல்லாமே உங்களுக்குக் கேட்டிருந்தது. உங்கள் முகம் மாறவில்லை.

“அந்த ஆரஞ்சு ஞாபகமிருக்கிறது” என்றீர்கள். “காரெல்லாம் அதே வாசனை. கையைத் துடை என்று அவளை அதட்டினேன்.”

எழுந்திருங்கள், படுக்க வைக்கிறேன் என்றேன். மறுத்தீர்கள். ஹெல்கா வந்து கூப்பிடட்டும் என்றீர்கள். உள்ளே அவருக்கும் அது கேட்டிருக்கும். கத்தி சீவும் சத்தம் நிற்கவில்லை. நான் கிளம்பும்வரை அவர் வரவில்லை, நீங்களும் எழவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நீங்கள் இறந்துபோனீர்கள். நல்லவர் என்று உங்களைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை. ஆனாலும், பசியோடு சூட் கசங்காமல் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்துவிட்டது. வரக்கூடாது என்று அன்றிரவு முழுக்க எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த இரக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவிடம் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.