அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

செப்டம்பர் 22, திங்கள்

சிதம்பரநாதன் சாரிடம் இன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் எங்கள் ஆழ்வார்பேட்டை ஆபீஸின் மூத்த இன்ஜினியர். அவர் செய்யும் மென்பொருளுக்கு வழிமுறை எழுதுவது என் வேலை. அந்த வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்து வேண்டும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். சர்வரில் கணக்கு இருக்கும் டிஸ்க்கை ‘படிக்க மட்டும்’ என்றோ ‘எழுதலாம்’ என்றோ வைக்கலாம். அதற்கு ஒரு ஃபைலில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. டிஸ்க்கை மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும் (கழற்றி மாட்டுவது மாதிரி, கட்டளையிலேயே), இல்லையென்றால் கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட வேண்டும். அதுவரை எல்லாம் பழையபடிதான். இதையும் எழுதி, மவுன்ட் செய்யும் கட்டளையையும் கொடுத்திருந்தேன்.

“இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்மா. அந்த வரியைத் தூக்கு” என்றார் சார்.

எல்லாருக்கும் என்றால் யாருக்கு?

தூக்கிவிட்டேன். ஆனால் வழிமுறைப் பக்கத்தின் அடியில் ‘சந்தேகம் இருந்தால் அழைக்கவும்’ என்ற இடத்தில் என் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் போட்டேன். எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே!

செப்டம்பர் 25, வியாழன்

சார் பக்கத்துக்கு ஓகே சொல்லிவிட்டார். கீழே வரை படிக்கவேயில்லை. ஹி ஹி.

செப்டம்பர் 29, திங்கள்

எங்கள் மென்பொருளில் கணக்கு வைத்திருக்கும் தி. நகர் ஜவுளிக்கடை கணேசமூர்த்தி அண்ணாச்சியின் போன். ஆயுத பூஜையன்று கணக்கைப் பூஜையில் வைப்பாராம். அன்றைக்கு யாரும் அதில் ஒரு எழுத்து எழுதக் கூடாதாம். “நோட்டுன்னா மூடி வச்சிருவேன். இதை எப்படிம்மா மூட?”

அந்தப் பக்கத்தையே அனுப்பு என்றார் சார். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற டில்லிபாபு படித்துவிட்டுப் போனில், “ஒரு வார்த்தை மாத்துனா போதுமா மேடம்? இவ்ளோ ஈஸியா கீதே!” என்றான். வாய் வரை வந்துவிட்டது. பக்கத்திலேயே சார். “அதுல இருக்கறபடி செய்ங்க” என்றேன்.

அக்டோபர் 1, புதன் - ஆயுத பூஜை

டில்லிபாபு படம் அனுப்பியிருக்கிறான். சர்வருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. காற்றுப் போகிற ஓட்டை மேலேயே விபூதிப் பட்டை! ‘மாத்திட்டேன் மேடம்’ என்று வேறு. ஒன்றும் மாறியிருக்காது. சொல்லட்டுமா? கடையே மூடியிருக்கிறது, யார் வந்து எழுதப்போகிறார்கள்? பேசாமல் சுண்டல் சாப்பிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன் - விஜயதசமி

ஐயோ.

அண்ணாச்சி நேற்று பூஜை முடிந்ததும் சர்வரை அணைத்திருக்கிறார். வருஷம் பூரா உழைக்கிறதே, கொஞ்சம் தூங்கட்டும் என்று! காலையில் நல்ல நேரம் பார்த்துப் போட்டதும், நேற்று மாற்றிய வார்த்தை இன்றைக்கு வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. டிஸ்க் ‘படிக்க மட்டும்’. டில்லிபாபு பக்கத்தைப் பார்த்து வார்த்தையைத் திரும்ப மாற்றினான். அசையவில்லை. வாசல் வரை தீபாவளிக் கூட்டம், முதல் பில்லே சேவ் ஆகவில்லை.

சாருக்குப் போன் மேல் போன். அவரிடமிருந்து எனக்கு ஒன்று.

“என் நம்பரை எவன் போட்டான்?”

“நான்தான் சார்.”

“கிளம்பி கடைக்கு வா.”

ரங்கநாதன் தெரு முனையில் சாரைப் பிடித்தேன். கூட்டத்தில் நீந்திப் போய்ச் சேர்ந்தோம். “ஒரு தடவை அணைச்சுப் போடுங்க, சரியாயிடும்” என்றார் சார். அண்ணாச்சி சர்வருக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

“நல்ல நேரத்துல போட்டதுய்யா! அணைச்சா வருஷ வியாபாரமே போயிரும். ஒருத்தரும் தொடப்படாது!”

சார் என்னைப் பார்த்தார். அணைக்காமலே மறுபடி மவுன்ட் செய்யும் கட்டளையைத் தட்டினேன். பில் வந்தது. டில்லிபாபு விசிலே அடித்துவிட்டான்.

அண்ணாச்சி விடவில்லை. “ஏம்மா, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் எழுதல? காலைல இருந்து சனம் திரும்பிப் போவுது!”

எனக்கு முகமே செத்துவிட்டது. சாரை மாட்டிவிடத்தானே நினைத்தேன்? அண்ணாச்சி வயிற்றில் அல்லவா அடித்துவிட்டேன்! சார் அவராகவே, “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். சத்தியமாக நான் எதிர்பார்க்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நாள் முழுக்க சார் பேசியது ஒன்றே ஒன்று: “நம்பரை எடு.” எடுத்தேன். கையெழுத்து? போச்சு.

அக்டோபர் 6, திங்கள்

சார் கூப்பிட்டார். மேசையில் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம். பேனாவைத் திறந்தவர் நிறுத்திக் கேட்டார், “இனிமே நான் ஒரு வரியைத் தூக்கச் சொன்னா?”

‘சரி சார்’ என்றால் கையெழுத்து நிச்சயம். தெரியாதா எனக்கு?

“தூக்க மாட்டேன் சார்.”

கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே எழுதிய இன்னொரு வழிமுறையை நீட்டி, “இதுல எது புரியல, சொல்லு” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஆபீஸ் பூட்டுகிற வரை முதல் பக்கமே முடியவில்லை.