கோல்ஃப் டீமும் சிவானந்தம் சாரின் மனுவும்

என் அன்பு மகள் லிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான், உன் அம்மா, அம்மாவின் முட்டுவலி ஆகிய மூவரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் அந்த ஓயாத மழையும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு கதையைத் தொடங்கினால் பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கி நீ சாப்பிட்டாயா என்பாள், நீ சாப்பிட்டேன் என்பாய், என்ன கூட்டான், மீனா கோழியா என்பாள், அதோடு என் கதை செத்தது. ரத்னபாய் அக்காவின் மருமகள் அடுத்த வாரம் டப்ளினுக்கு வருகிறாள், அவள் பெட்டியில் உனக்கு ஏத்தங்காய் வற்றலும் மீன் அச்சாறும் வைத்திருக்கிறோம், அவற்றுக்கு நடுவில் இந்தக் கடிதமும் வரும். காகிதத்தை உன் அம்மா பிடுங்க முடியாது, ஆகவே முழுக்கதையும் சொல்லப்போகிறேன். நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம் என்பதற்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் டர்ஃப் மைதானத்தைப் பூட்டவில்லை.

ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் பச்சைக் கம்பளம் விரித்துக் கால்பந்து மைதானம் போடுகிறேன் என்று நான் நின்றபோது ஊரில் சிரிக்காதவர்கள் ஊமைகள் மட்டும்தான். முதல் வருஷம் பிள்ளைகள் வரிசையில் நின்று விளையாடினார்கள். பிறகு பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போவதற்குள் திரும்பின பக்கமெல்லாம் டர்ஃப் வந்துவிட்டது, நம்முடையதில் நானும் மேல்வீட்டு நாயும்தான் மிச்சம். அதுவும் நாய் நல்ல பார்வர்ட். இந்த நேரத்தில்தான் உன் மாமன் பினு ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, அத்தான், எனக்க கம்பெனி ஸ்டோரில ஒரு ஆளு வேணும், மாசக் கடைசி வரை பிடிச்சு வைக்கேன், அதுக்குள்ள இங்க வந்து சேரணும் என்றான். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது விமானம் ஏறினவன் நீ நர்சிங் முடித்த பிறகுதான் இறங்கினேன், மறுபடியும் ஏறுவதா? ஆனாலும் போகிறேன் என்றுதான் சொன்னேன். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டினால் நான் தூங்குவேன், சும்மா இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று உனக்குத் தெரியுமே.

அப்படி இருக்கும்போது தனுவச்சபுரம் பக்கத்துக் காலேஜிலிருந்து சோனா டீச்சர் வந்தாள், விளையாட்டுக்கு உள்ள டீச்சர், விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல். அண்ணா, நாங்க கோல்ஃப் டீம் தொடங்கியாச்சு, பிராக்டிஸ் பண்ண எடம் இல்ல, காலையில உங்களுக்க டர்ஃப் சும்மாதான கெடக்குது என்றாள். காலையில் மட்டுமா என்று நான் சொல்லவில்லை. கோல்ஃப் என்றால் டிவியில் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் பந்தைத் தொலைத்துவிட்டு மைல் கணக்கில் தேடி நடக்கிற விளையாட்டு என்றுதான் எனக்கு நினைப்பு. அவள் விளக்கினாள். வலைக்கு எதிரே நின்று ஓங்கி அடித்துப் பழகினால் போதுமாம், கம்பளத்தின் ஒரு மூலையில் சின்னக் குழி வைத்து மெல்ல உருட்டிவிடப் பழகினால் போதுமாம். எதற்கு டீச்சர் இந்த ஊரில் கோல்ஃப் என்றேன். அண்ணா, யூனிவர்சிட்டி மேட்சுக்கு மொத்தமே மூணு காலேஜுதான் வரும், நாம நாலாவது, அதில ஒருத்தரு பஸ்ஸ விட்டா நமக்கு மெடல் ஆக்கும் என்றாள். இவ்வளவு உறுதியான திட்டத்தை நான் கல்ஃபில்கூடக் கண்டதில்லை. வருஷம் முழுவதும் இடத்தை எடுத்துக்கொள்வார்கள், பிரின்சிப்பால் கையெழுத்துப் போடுவார், ஒரே நிபந்தனை, பஞ்சாயத்தில் எந்தப் புகாரும் இருக்கக்கூடாது. நம் இடத்தின்மேல் யார் புகார் கொடுக்கப்போகிறார்கள் என்று நெஞ்சைத் தட்டினேன். அடுத்த வீடு யாருடையது என்பதை அந்த நிமிஷம் மறந்துவிட்டேன்.

சிவானந்தம் சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், தாலுக்கா ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், அப்பனும் அப்பனுக்கு அப்பனும் சர்க்காரில் எழுத்து வேலை. முட்டை வண்டி தெருவில் போனால் ஜன்னலைச் சாத்துகிற சைவக் குடும்பம். மனு எழுதியே நம் தெருவுக்கு விளக்கு வரவழைத்தவர், மனு எழுதியே கல்யாண மண்டபத்து மைக்கை இறக்கினவர், ஒரு தடவை சேவல் ஒன்றின்மேல் மனு எழுதி அந்தச் சேவலை ஊர் மாற்றினவர்.

முதல் நாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ஈஸ்வர் என்று ஒருவன், கைகால் நீளமானவன், ஓங்கி ஒன்று கொடுத்தான். நம் வலை கால்பந்துக்குக் கட்டின வலை மக்கா, கால்பந்து போகாது, கோல்ஃப் பந்து குனியாமலே போகும். அது போய்ச் சிவானந்தம் சார் வீட்டு மாடியில் அவர் மனைவி கோமளவல்லி அம்மா காயப்போட்டிருந்த மோர்மிளகாய்க்குள் விழுந்தது. பாவம் அந்த அம்மா பந்தைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நெருங்கின கண்ணி உள்ள வலை வேண்டுமென்று சோனா டீச்சர் சொல்ல, என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்த நாளையெல்லாம் உன் அம்மா காலண்டரில் கறுப்பு மையால் வட்டம் போடலாம். பொழியூருக்குப் போய்ப் பழைய மீன்வலையாக ஒரு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு வந்து நாலு பக்கமும் இரட்டையாகக் கட்டிவிட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. மறுநாள் வெயில் ஏறினதும் நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் உள்ள பூனைகள் அத்தனையும் வந்து வலையில் தொங்கின. மேலே பருந்து வட்டம் போட்டது. சோனா டீச்சர் துவாலையை மூக்கில் கட்டிக்கொண்டு பயிற்சி கொடுத்தாள். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நீயே யூகித்துக்கொள்.

மீன் நாற்றம் போக உன் அம்மா ஒரு வழி சொன்னாள், மீன் கழுவுகிற மாதிரிக் குடம்புளியும் உப்பும் போட்டு ஊறவைக்கலாம் என்று. ஊறவைத்தோம். அதுவரைக்கும் பச்சை மீன் நாற்றம், அதன்பிறகு மீன்குழம்பு மணம். எனக்கே பசித்தது. அன்று சாயங்காலம் சிவானந்தம் சார் சந்தனம் பூசின நெற்றியோடு நம் கேட்டில் வந்து நின்று ஒரு கடலாசுத் தாளை நீட்டினார். பஞ்சாயத்துக்குக் கொடுத்த மனுவுக்க காப்பியாக்கும் சஜா, ஒளிச்சுச் செஞ்ச காரியம் இல்ல பாரு, படிச்சு எங்கயாவது பிழை உண்டுண்ணா செல்லு என்றார். பிழையா, அதில் கமாகூட இடம் மாறி உட்காரவில்லை. ஒன்று நாற்றம், இரண்டு பந்து, மூன்று பிள்ளைகளின் கூச்சல். செக்ரட்டரிக்கு மூலம், ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு நகல். விசாரணை அடுத்த வாரம், நான் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். காலேஜ் கையெழுத்தை நிறுத்தி வைத்தது. பினு சொன்ன மாசக் கடைசியும் வந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்துக்கு மலையாளத்தில்தான் எழுத வேண்டும், எனக்கு மலையாளத்தில் சண்டை போட வரும், மறுபடி என்று சொல்கிற பதில் மனு எழுத வராது. இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்று எழுதி உன் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, இது மறுபடியா பாவ அறிக்கையா, கடைசியில ஆமென் மட்டும் காணல்ல என்றாள். பின்ன யார்தான் எழுதுவார்கள் என்று நான் கத்த, இந்தச் சுத்துவட்டாரத்தில மனுவுக்கு எதிரா மனு எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான், அவருட்டேயே போய்க் கேளுங்க என்றாள். நக்கலுக்குச் சொன்னாள் மகளே. புத்தியுள்ளவன் சிரித்துவிட்டு விட்டிருப்பான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

சிவானந்தம் சார் என் கடலாசை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில் அவருடைய வீட்டுப் பேரின் எழுத்தைத் திருத்தினார், அப்புறம் தேதியைத் திருத்தினார், அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு, அவருக்குக் கீழே வேலை பார்த்தவன்போல, வாங்கின சம்பளத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. டே சஜா, எனக்க மனுவுக்கு இங்ஙன ஒரு மறுபடியா, இத ஆபீஸில வாசிச்சா ஒனக்கில்லடே, எனக்காக்கும் கொறச்சல் என்றார். அப்படியானால் சாரே ஒன்று எழுதித் தரணும் என்றேன். உள்ளேயிருந்து கோமளவல்லி அம்மா சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. பாக்காம எழுதப்படாது, நாளைக் காலையில வாறேன் என்றார்.

வந்தார். மூக்கில் துண்டு, கையில் அளவு டேப். பந்தை அளந்தார், வலைக்கண்ணியை அளந்தார், அவர் வீட்டு மதிலுக்கு எத்தனை அடி என்று என்னையே டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவைத்து அளந்தார். பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்களா என்று ஓரமாய் நின்று கவனித்தார். சோனா டீச்சர், சார், கோல்ஃபில அடிக்கப்போற நேரம் மூச்சுச் சத்தம்கூட வரப்படாது, அது விளையாட்டுக்க மரியாதை என்றாள். அப்படியொரு விளையாட்டு உலகத்தில் உண்டா என்று அவர் முகம் மாறினது, ஆனால் உடனே வருத்தமும் வந்துவிட்டது. அய்யோ, மூணாவது பாயிண்ட நல்லா எழுதிப்போட்டேனே, அத எங்ஙன வெட்டுவேன் என்று தலையைப் பிடித்துக்கொண்டார். என் பிழைப்பு போகுமே என்று நான் நிற்கிறேன், அவருக்குத் தன் வாக்கியம் போகுமே என்று கவலை. மத்தியானம் வரை எழுதினார். கடல் கண்ட வலையை அன்றே கழற்ற வேண்டும், கடலையே பார்க்காத புதுவலை கட்ட வேண்டும், அவர் பக்கம் மட்டும் இன்னும் பத்தடி உயரம், காலை எட்டு மணிக்கு மேல் கோல்ஃப் அடி கிடையாது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வாக்கு வாங்கிவிட்டுத்தான் எழுதினார். நானும் செய்தேன். பழைய வலையை இறக்கின அன்று பூனைகள் ஒரு துக்க வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தன.

விசாரணை நாள் வந்தது. செக்ரட்டரி கொல்லத்துக்காரி, கண்டிப்பு. மனுவைப் படித்துத் தலையாட்டினாள். பதிலைப் படித்தாள், இன்னும் பலமாகத் தலையாட்டினாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மனுக்காரர் யார் என்று கேட்டாள். ஞானாக்கும் என்று சிவானந்தம் சார் எழுந்தார். இந்தப் பதில் எழுதியது யார் என்றாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன், அது ஓடவில்லை. சிவானந்தம் சார் உட்காரவே இல்லை. அதும் ஞான் தன்னே மேடம், மனுக்காரன் வேற, எழுத்துக்காரன் வேற என்றார். அப்படியானால் சார் எந்தப் பக்கம் என்று அவள் கேட்க, ரெண்டிலும் சட்டப் பிழை இல்ல, ஆனா மறுபடியில மூணாவது பாயிண்டுக்குச் சொன்ன சமாதானம் எனக்கே திருப்தியாக்கும் என்றார். அந்தக் கண்டிப்புக்காரி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள் மகளே. நிபந்தனைகளோடு அனுமதி, புகார் முடித்துவைக்கப்பட்டது. சாயங்காலமே காலேஜில் கையெழுத்தானது. இப்போது கேட்டில் போர்டு மாட்டியிருக்கிறார்கள், கோல்ஃப் பயிற்சி மையம் என்று, அதில் மலையாளப் பிழை ஒன்று இருக்கிறதாம், சிவானந்தம் சார் சொல்லிவிட்டார்.

இனிமேல்தான் நான் கடிதம் எழுதின காரியம். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்து, ஷிஜி, இனி பினுவைக் கூப்பிட்டு நான் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அதெல்லாம் அப்பவே செல்லியாச்சு என்றாள். எப்போது என்றேன். மனு வந்த அண்ணைக்கே, டர்ஃப் போனா போவட்டு, கப்பக்கெழங்கும் மீனும் தின்னு கெடப்போம், ஆளு இஞ்ச கெடக்கட்டுண்ணு செல்லிப்போட்டேன் என்றாள். அடியே, நான் இத்தனை நாள் தூங்காமல் செத்துப்பிழைத்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். செல்லியிருந்தா நீங்க சட்டையும் மாட்டிட்டு அந்த வீட்டுப் படி ஏறியிருப்பீங்களா, சோபாவில படுத்து மேட்சு பாத்திருப்பீங்க என்றாள். இதற்குச் சிவானந்தம் சாராலும் பதில் எழுத முடியாது. நான் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் முகம் கழுவினேன்.

அப்போதுதான் இன்னொன்றும் சொன்னாள். அப்பா போகாமல் இருக்கட்டும் என்று நீ லீவு நாளிலெல்லாம் கூடுதல் டூட்டி எடுக்கிறாயாம், அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாயாம். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரியும் போலிருக்கிறது. மகளே, இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அதை நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போ, மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கு. அப்பா எங்கும் போகவில்லை. நம்மைக் காத்தவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கால் ஒரு கல்லிலும் இடறாதிருக்கட்டும். மீன் அச்சாறு பாட்டிலைத் திறந்தால் ஜன்னலையும் திற, அங்கே உன் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதல்லவா.

முத்தங்களுடன்,
எங்கும் போகாத உன் அப்பா
சஜன்