கோமதி நிமிர்த்திவைத்த டம்ளர்

என் தங்கத் தம்பி சங்கரலிங்கம்,

உன் ஆட்டத்தில் செத்தவர்களை உன் மகள் கோமதி உயிரோடு எழுப்பிவிடுகிறாள். இதுதான் நடந்த அநியாயம். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரும் கேட்கட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கடையநல்லூர் காதர் துபாயிலிருந்து ஒரு இங்கிலீஷ் ஆட்டப் புத்தகம் கொண்டுவந்தான். ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள்; சிக்கல் வரும்போது பகடை தீர்ப்புச் சொல்லும். கதை நடக்கும் இடம் பகைவர் வளைத்துக்கொண்ட ஒரு கோட்டை. உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டே போகும். எட்டாம் வகுப்போடு நின்ற நான் அகராதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழில் எழுதினேன். நீ கோட்டையின் படத்தை வரைந்தாய். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் உன் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் விளையாடினோம்.

டம்ளர் விதி மட்டும் புத்தகத்தில் இல்லை. அது நீ வைத்தது. பாத்திரம் செத்தால், அந்த ஆள் தன் டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. மிச்சமிருப்பவர்கள் அவன் முகத்துக்கு முன்னால்தான் அவன் பங்குத் தண்ணீரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் குரல் எழும்பாது. நினைவிருக்கிறதா?

இப்போது கேள். கடையையும் கோமதிதான் பார்க்கிறாள், ஆட்டத்தையும் அவள்தான் நடத்துகிறாள். கோட்டையை மாயலோகம் ஆக்கிவிட்டாள். வளைத்திருப்பது அரக்கர் படை; தளபதிக்குப் பல்வலி, கிராம்பு கேட்டுக் கோட்டைக்குள் தூது விடுகிறான். குளத்தில் ஒரு மோகினி. தண்ணீர் எடுக்க வருகிறவனிடம் தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லாமல் விடமாட்டாள். நம் ஆட்டத்தில் பசிக்குக் கணக்கு வைத்த இடத்தில் இவள் ஏப்பத்துக்குக் கணக்கு வைக்கிறாள். நன்றாகத்தான் செய்திருக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், செத்தவன் மற்றவர்களைச் சிரிக்கவைத்தால் எழுந்து வரலாம் என்று ஒரு புது விதி வைத்திருக்கிறாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

போன ஞாயிறு ஆட்டத்தில் அரக்கர் தளபதி தும்மினான். நான் மதிலிலிருந்து விழுந்து செத்தேன். டம்ளரைக் கவிழ்த்தேன்.

“பெரியப்பா, ஒரு சிரிப்பு சொல்லுங்க, எந்திச்சு வந்திரலாம்” என்றாள் கோமதி.

நான் கவிழ்த்த டம்ளரை விரலால் சுட்டிக் காட்டினேன்.

“அண்ணாச்சி உயிரோட இருக்கும்போதே சிரிக்கமாட்டாவ, செத்த பொறவா சிரிக்கவைக்கப் போறாவ?” என்றான் மாரியப்பன். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. அவன் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

“சும்மா இரும் வே” என்று அவனை அதட்டினான் காதர். “அண்ணாச்சி, பிள்ள கேக்கால்லா, ஏதாவது சொல்லுங்க.”

கோமதி என் டம்ளரை நிமிர்த்தினாள். டீ ஊற்றினாள். நான் அதை அப்படியே கவிழ்த்தேன். டீ ஓடிப்போய் நீ வரைந்த படத்தில் ஏறியது. குளம், மதில், வடக்கு வாசல் எல்லாம் ஊறிப்போயின.

அவள் துப்பட்டாவால் ஒற்றி எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “எங்கப்பா செத்தது பத்தாதா பெரியப்பா? இந்த மேசையிலயாவது யாராச்சும் திரும்பி வந்தா ஒங்களுக்கு என்ன?”

உன்னை மதுரைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸில் உன் காலைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் செத்தவன் பேசக் கூடாது. கடையைப் பூட்டும்வரை அவள் எதிரில் பேசாமலே உட்கார்ந்திருந்தேன். விதிப்படி சரிதான். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பல்வலி அரக்கனும் மோகினியும் ஏப்பமும் கோமதியுடையவை, வைத்துக்கொள்ளட்டும். செத்தவனை எழுப்பும் விதியை மட்டும் அவள் தன் கையாலேயே அடித்து நீக்கிவிட வேண்டும். காதர் அந்தப் படத்தைக் கறையோடு அப்படியே மேசையில் விரிக்க வேண்டும். புதிதாக வரைகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது. மாரியப்பன் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசட்டும். தண்ணீர் பிரிக்கும்போது மட்டும் அவன் வாய் மூடியிருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன்னால், நான் உயிரோடிருக்கும்போதே, கோமதிக்குப் பதில் சொல்ல வேண்டும். செத்தவனை அனுப்பிவிடாமல் நம்மோடு உட்காரவைக்கத்தான் உன் அப்பா டம்ளரைக் கவிழ்க்கச் சொன்னான் என்று சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் டம்ளரைக் கழுவி, உன் இடத்தில் கவிழ்த்து வைப்பதும் என் வேலைதான். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஆட்டம் முடியும்வரை எழுந்து போய்விடாதே.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் மிஞ்சியிருக்கிற
உன் அண்ணன்