கண்ணில் கோளாறு இல்லையாம்

அன்புள்ள பெரிய கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசும் நலமா என்று கேட்காதே, இந்த வம்பை ஆரம்பித்து வைத்தவளே நீதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் தங்கை சின்னக் கண்ணு வகுப்பில் வாயே திறப்பதில்லை, நாலு பேர் பார்த்தால் கை நடுங்குகிறது, இந்த வருஷம் எல்லார் முன்னாலும் ஐந்து நிமிஷம் பேசாவிட்டால் மொழிப் பாடத்தில் தேற முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள், இதை உன்னிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. கண்ணை அசைத்துச் செய்கிற சிகிச்சை இருக்கிறது என்று நீ போனில் சொன்னாய், மறுநாளே உன் அம்மா அவளை மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போய்விட்டாள். இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அந்த ஆலோசகர் அம்மாள் இரண்டு விரலை இடமும் வலமுமாக ஆட்டுகிறாராம், இவள் தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டுமாம். இதைத்தானே நான் தினமும் கடையில் செய்கிறேன், இதற்கு வாராவாரம் பஸ் ஏறுவானேன் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காலையில் ஐம்பது தடவை, சாயங்காலம் ஐம்பது தடவை என்று நானே ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டாள். உன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லையே, எதற்கு அழுகிறாய் என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். அப்போது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கண்ணாடியும் தாங்காது.

அப்புறம் ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு விட்டார். கண்ணுல கோளாறு இல்லைங்க, மனசை உறுத்துற ஒரு சம்பவத்தை நினைச்சுக்கிட்டே கண்ணை அசைக்கணும், கொஞ்சம் கொஞ்சமா உறுத்தல் குறையும், எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது, நீங்க வீட்டுல செய்யறது புண்ணைக் கிளறி விடற மாதிரி என்றார். என்ன சம்பவம் என்று கேட்டேன். அதை அவளா சொன்னாத்தான் உண்டு என்று சொல்லிவிட்டார். பெற்றவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்ட வேண்டும், பெண் உள்ளே யாரோ ஒருவரிடம் மனசைத் திறக்க வேண்டும், நல்ல நியாயம்.

போன வாரம் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே அவளாகச் சொன்னாள். ஒன்பது வயசில், பள்ளி விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வாடிக்கையாளரிடம் இந்தக் கண்ணாடி உங்களுக்கு நல்லா இல்ல மாமா என்று உரக்கச் சொன்னாளாம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். நான் மேஜையைத் தட்டி, நீ வாயைத் திறந்தாலே என் மானம் போகுது என்றேனாம். சத்தியமாக எனக்கு நினைவில்லை கண்ணு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன், துணி மடிப்பதை நிறுத்தாமல், சொன்னீங்க, ஒரு தடவை இல்ல என்றாள். அன்றிலிருந்து எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன், உன் மேலும்தான்.

வியாழக்கிழமை அவள் பேச வேண்டும். ஏழு வாரமாகப் போகிறாள், கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பேசிவிடுவாளா என்று யாருக்கும் தெரியாது. நீங்க பள்ளிக்கு வர வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டாள். போக மாட்டேன். ஆனால் அதற்கு முன் அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாலு நாளாக அவள் அறை வாசல் வரை போகிறேன், ஃபேனைக் குறைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வாய் கிழியப் பேசி வியாபாரம் செய்கிறவனுக்குப் பெற்ற பெண்ணிடம் நா எழவில்லை.

உன் புதுக் கண்ணாடியை இதோடு அனுப்புகிறேன், படிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டு மற்ற நேரம் கழற்றி வைக்காதே. பார்சலைத் தபால் ஆபீசுக்கு நானே கொண்டுபோகிறேன் என்கிறாள் உன் தங்கை. அங்கே ஆளிடம் பேச வேண்டுமே என்றேன், தெரியும்ப்பா என்றாள். நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு, உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும்.

நான் சொன்னது தப்பு, கண்ணு. இதை யாருக்கு எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். பெட்டியை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கிறேன், கடிதம் மேலாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா