தேன் இல்லாமல் சுட்ட ரொட்டி

அருப்புக்கோட்டை
9-2-1969

அன்பு மகள் கோகிலாம்பாளுக்கு அப்பா எழுதுவது.

பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவது என் வழக்கம். இன்று அதை எழுதக் கை வரவில்லை. மனம் ஒரு நிலையில் இல்லை. எதுவும் விட்டுப்போகாமல் இருக்க, சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அம்மாவின் காலும், டாக்டர் சொன்னதும்.
2. அம்மா கேட்ட ரொட்டிக்கு, தேனுக்குப் பதிலாக நான் தேடியவை.
3. நீ இப்போது புறப்பட்டு வரத் தேவையில்லை என்பது.

முதலாவது. பொங்கலுக்கு முன்பு அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார் ஒடிக்கும்போது அம்மாவின் பாதத்தில் குச்சி குத்திவிட்டது. அவளுக்கு வலியே தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போகும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புண் ஆறவில்லை, விரல்கள் கறுத்துவிட்டன. மதுரைக்குக் கொண்டுபோனோம். காலை எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது, இருதயம் பலவீனமாக இருக்கிறது என்றார் டாக்டர். அம்மா அவர் முன்னாலேயே, "நான் முழுசாவே போறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். கூட்டிவந்துவிட்டேன். அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் நாக்கில் படக்கூடாது, கோதுமை கொஞ்சம் கொடுக்கலாம் என்பது டாக்டரின் கண்டிப்பு.

இரண்டாவது. சென்ற வாரம் முதல் அவள் கஞ்சியைக்கூட ஒதுக்கிவிட்டாள். வியாழக்கிழமை தானாகவே வாய் திறந்து, "தேன் ரொட்டி சுடணும்" என்றாள். ஏதோ ஒன்று கேட்டாளே என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் தேன் கூடாதே, பதிலுக்கு எதைப் போடுவது?

பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாரிச்சாமியிடம் கேட்டேன். "கருப்பட்டியப் போடுங்கய்யா, நம்ம பனையில வந்த சாமான், அது நம்மள என்ன செய்யும்?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்லவேளை, ஊசி போட வரும் கம்பவுண்டரைக் கேட்டேன். கருப்பட்டி தேனுக்கு அண்ணன் என்று சொல்லித் தடுத்துவிட்டார். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சாக்கரின் மாத்திரையைக் கரைத்துப் பார்த்தேன். பெரிய பானையில் மணல் பரப்பி, நடுவில் மாவுத் தட்டை வைத்து, மூடிமேல் தணல் போட்டு, அவள் செய்வது போலத்தான் செய்தேன். ரொட்டி வெளுத்து, ஓடு போல வந்தது. சூட்டில் மாத்திரை கசந்துவிட்டது. ஒரு துணுக்கு வாயில் வைத்துவிட்டு, "இதுக்கு இன்னொரு ஊசியே போட்டிருக்கலாம்" என்றாள். தேன் இனிப்பு மட்டும் இல்லை, நிறமும் மென்மையும் அதுதான் தருகிறது என்று அப்போது புரிந்தது. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரங்கிக்காயை வேகவைத்துப் பிசைந்தேன், களியாக அமுங்கிவிட்டது.

மாரிச்சாமி நேற்று தயங்கித் தயங்கி, "இனிமே என்னய்யா பத்தியம்? கேட்டதக் குடுத்துருங்க" என்றார். நான் கோதுமை மாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்தியத்தை விட்டால் அவளையே விட்டுவிட்டதாகும் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் என்ற இனிப்பு வேரை வாங்கினேன். அதன் கஷாயத்தையும் மோரையும் ஊற்றிப் பிசைந்தேன். இன்று காலை ரொட்டி பொங்கி, ஓரம் சிவந்து வந்தது. நிறமும் மணமும் ஏறத்தாழ அவள் சுடுவது போலவே. எடுத்துப்போய் அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தடவிப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு, "பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள். எந்தப் பஸ் என்று கேட்டேன். "கோகிலா வார பஸ்ஸுதான். அவ வரட்டும், பிக்காதீக" என்று சொல்லி, ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். காய்ச்சலில் ஞாபகம் பிசகுகிறது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது. பெரியவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. மாப்பிள்ளை லீவு கேட்டால் மேலதிகாரி என்ன சொல்வாரோ. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகபுரியிலும் சென்னையிலும் வண்டி மாறி நீ அலைய வேண்டாம். வந்தாலும் இங்கே நீ செய்யக்கூடியது ஒன்றும்

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய்வந்தேன். அம்மா வாசல் பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறாள். ரொட்டி தட்டில் அப்படியே இருக்கிறது. நம் வீட்டில் அதை எப்போது சுடுவாள் என்று யோசித்தேன். தீபாவளிக்கு இல்லை, பொங்கலுக்கு இல்லை. நீ வருகிறாய் என்று கடிதம் வந்தால்தான் மணலைச் சலிப்பாள். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவள் தின்பதற்கு ரொட்டி கேட்கவில்லை, கோகிலா. சுட வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் தேனுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

ரொட்டியைத் துணியில் சுற்றி வைக்கிறேன். தேன் போட்டதென்றால் ஒரு வாரம் தாங்கும். இது எதுவரை தாங்கும் என்று தெரியவில்லை.

லீவு போடும்படி மாப்பிள்ளையிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

உன் அப்பா,
சண்முகவேல்