பன்னிரண்டு பொய்க் கற்கள்

மே 19, திண்டிவனம்

நெடிய ஆலோசனைக்குப் பின் இன்று பொய்க் கற்களின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினேன். ஆலோசனையில் கலந்துகொண்டவர்: நான். முடிவு ஒருமனதானது.

பூமியை ஒட்டி வரும் விண்கற்கள் எத்தனை என்று அறிய, கண்ணில் பட்டவற்றை எண்ணினால் போதாது. எத்தனை தப்புகின்றன என்றும் தெரிய வேண்டும். ஆகவே வெளிநாட்டுத் தொலைநோக்கி அனுப்பும் படங்களில் நகரும் புள்ளிகளை நானே ஒளித்துவைக்கிறேன். எங்கள் கல்லூரி இயற்பியல் துறை அஸ்ஃபியா, எது பொய் என்று தெரியாமல் தேடுவார். பன்னிரண்டில் அவர் பிடிக்கும் பங்கு எவ்வளவோ, வானத்திலும் நாம் காண்பது அந்தப் பங்குதான்.

மனைவி விசாலாட்சிக்கு விளக்கினேன். "இல்லாதத நீங்களே வெச்சிட்டு, அந்தப் பொண்ணத் தேட உட்டு, கெடைக்கலன்னா அதுக்கொரு கணக்கா? இதுக்கு சம்பளம் வேற."

சம்பளம் இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

மே 21

அஸ்ஃபியா பக்ரீதுக்குள் கணவரிடம் ஷார்ஜா போகிறார். வேலையை விட்டாயிற்று, இதுதான் அவருடைய கடைசிப் படத்தொகுப்பு. புதிய கல்லைச் சர்வதேச மையத்துக்கு முதலில் அறிவிப்பவர், அதன் பாதை உறுதியான பின் பெயர் சொல்லலாம். நான்கு ஆண்டுகளாகத் தேடுகிறார்.

"எங்க உம்மா பேரு வெக்கணும் சார். அசன் பீவி மேல சுத்திக்கினு இருந்தா நல்லாருக்கும்ல?"

"மாமியார் பேரு?"

"அது பூமிய வந்து இடிக்கிற கல்லுக்கு சார்."

மே 23, விழுப்புரம்

விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி சுழலாததால் தாள்கள் பறக்கவில்லை. நிர்வாகத்தின் முன்யோசனை.

மதியம் அஸ்ஃபியா போன். "ஒம்பது கெடச்சிது சார்." இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்; எட்டு நான் வைத்தவைதான். "கடைசி ஒண்ணு ரொம்ப மங்கல், மூலையில ஊர்ந்துக்கினு போவுது. உங்களுதா? இல்லன்னா இன்னைக்கே அறிவிச்சிடணும்."

வைத்த இடங்களெல்லாம் வீட்டுக் கணினியில். முதல் பத்தும் நினைவிலிருந்தன. அவற்றில் எதுவும் மூலையில் இல்லை. கடைசியில் சேர்த்த இரண்டு மட்டும் நினைவில்லை. அப்படியானால் அதில் ஒன்றுதானே?

"என்னுதுதாம்மா," என்றேன்.

"நல்லா ஏமாத்துறீங்க சார்," என்று சிரித்தார்.

பன்னிரண்டில் ஒன்பது. முக்கால் பங்கு.

மே 26, திண்டிவனம்

மூலையில் நான் எதையும் வைக்கவில்லை.

அந்த இரண்டும் படத்தின் நடுவில் கிடக்கின்றன. அவர் கண்ணில் படவே இல்லை. அப்போ அது — நெஜக் கல்லு. என்னாத்துக்கு அவ்ளோ ஜல்தியா சொன்னேன்? வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு சொல்றேன்னு ஒரு வார்த்தை —

போன் செய்து சொன்னேன். "பெட்டி கட்டிக்கினு இருக்கேன் சார். இப்பவே அனுப்பிடுறேன்."

மே 27

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஜூன் 9

ஷார்ஜாவிலிருந்து பக்ரீத் வாழ்த்து வந்திருந்தது. பதில் அனுப்பினேன்.

அறிவிப்பும் வந்தது. கல் உண்மையானது, புதியது. முதலில் அறிவித்தது வேறொரு நாட்டின் தானியங்கித் தொலைநோக்கி, மே 24 அன்று. எங்களுடையது இரண்டாவது.

கணக்கைத் திருத்தினேன். பன்னிரண்டில் எட்டு, மூன்றில் இரண்டு பங்கு. வானத்தில் நாம் காணாதவை முன்பு சொன்னதைவிட அதிகம்.