காத்தமுத்து மகன் இந்த ஊரில் இல்லை

அண்ணே,

அன்றைக்குப் புங்கமரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள். நம் அம்மா, மடியில் முறத்தோடு. அஞ்சலை அத்தை, பொன்னாங்கண்ணிக் கீரையை ஆய்ந்துகொண்டு. நாட்டாமை சாமிக்கண்ணு பெரியப்பா, கயிற்றுக் கட்டிலில். நான், மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரர், களத்திலிருந்து அப்போதுதான் வந்து மரத்தில் சாய்ந்து நின்றார். எதிரே சைக்கிளில் உட்கார்ந்தபடி போலீஸ் ஏட்டு. நீ மட்டும் இல்லை. நீ இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

இவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. போனவர்கள், இருப்பவர்கள் எல்லாரையும் மன்னித்துவிட்டேன். அந்த ஏட்டையும்தான். ஒருவரை மட்டும் இல்லை.

இன்று காலை கெண்டை மீன் வாங்கினேன். அரிவாள்மணையை எடுத்துத் தண்ணீர் ஊற்றியதும் அந்த வாசனை வந்தது. நீ செய்து கொடுத்த மணை. வெளிநாட்டிலிருந்து ராக்கெட் சாமான் அடைத்து வந்த பெட்டியின் பலகை. காய்ந்து கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. நனைந்தால் நம் வேம்புக்கும் பூவரசுக்கும் இல்லாத ஒரு வாசனை, ஊசி குத்துவதுபோல மூக்கில் ஏறும். இத்தனை வருடம் மீன் அரிந்தும் அது போகவில்லை. "கத்தி வாங்கி வச்சிருக்கேன்ல அத்தை, அதைத் தூக்கிப் போடுங்களேன்" என்றாள் மருமகள். நீ கத்தியில் அரி, நான் இதில் அரிகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாசனையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். ஆனால் பார்த்ததும் கேட்டதும் ஒன்றுகூட எனக்கு மறக்காது. அது உனக்குத் தெரியும்.

கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் நீ வேலை கற்றாய். பித்தளைத் தகட்டை நீ அரத்தால் அராவினால் கண்ணாடிபோல இருக்கும் என்பார்கள். உன் மேஸ்திரிக்குத் திருவனந்தபுரம் பக்கத்தில் கடற்கரையில் வேலை கிடைத்தது. அவர் உன்னையும் கூட்டிக்கொண்டு போனார். "என்ன வேலை?" என்று அம்மா கேட்டதற்கு, "ராக்கெட்டு செய்யுற எடம்மா" என்றாய். அம்மா தீபாவளி ராக்கெட் என்று நினைத்துக்கொண்டு, "சிவகாசிக்குப் போறவன் ஏன் மலையாளத்துக்குப் போறேங்குறான்?" என்று தெரு முழுக்கக் கேட்டாள்.

முதல் லீவில் வந்தபோது நீ சொன்னதை யாரும் நம்பவில்லை. மீனவர் குப்பம் ஒன்றைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள், அங்கே இருந்த மாதா கோயில்தான் ஆபீஸ், உள்ளே புறா பறக்கும், மாட்டுக் கொட்டகைதான் பட்டறை, ராக்கெட்டின் மூக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போவோம் என்றாய். சாமிக்கண்ணு பெரியப்பா சிரித்துவிட்டு, "ஏண்டா, நாம வைக்கோலு ஏத்துற மாதிரியா?" என்றார். "ஆமாங்க பெரியப்பா, சில சாமானு மாட்டு வண்டியிலயும் வரும்" என்றாய் நீ. அதற்குப் பிறகு ஒரு வாரம் உன்னைப் பார்த்தாலே சிரித்தார்.

அம்மாதான் விடாமல் கேட்டாள்.

"மேல போயி என்னடா பண்ணும்?"

"மேல காத்து எப்புடி அடிக்குதுன்னு பாக்கும்."

"அப்புறம்?"

"கடல்ல விழுந்துரும்."

"விழுறதுக்கு ஏண்டா ஏத்துறீங்க?"

நீ அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாய். ராக்கெட்டின் வால் பக்கத்தில் துடுப்புபோலத் தகடுகள் இருக்கும், அதை அராவி நேர் பார்ப்பதுதான் உன் வேலை. "ஒரு மயிரிழை கோணுனாப் போதும் தங்கச்சி. கடலுக்குப் போறது கரைக்குத் திரும்பிரும்" என்றாய். உன் பேச்சில் நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அது தினக்கூலி வேலை. ஆனாலும் அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது உன் முகம் வேறு மாதிரி இருக்கும். அங்கே உன்னை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை, பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உன்னோடு உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து சோறு போட்டுக்கொண்டார்கள். இங்கே மிராசுதார் வீட்டுக் கொல்லையில் கொட்டாங்கச்சியில் டீ வாங்கிக் குடித்தவன் நீ. உனக்கு அந்த வேலை சம்பளம் மட்டும் இல்லை.

கடைசியாகப் பொங்கலுக்கு வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தாய். அதுவரை நாலு பேர் சேர்ந்து நடத்துவதுபோல இருந்ததை, நாட்டுக்கே ஒரு பெரிய நிறுவனமாக்கப் போகிறார்கள். புதுப் பெயர், புது ஆபீஸ், புதுச் சட்டம். கூலிக்கு இருப்பவர்களில் கைவேலை தெரிந்தவர்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். "என் பேரும் இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் சடங்கு இருக்கு, முடிஞ்சா கவருமெண்டு ஆளு நான்" என்றாய். அம்மா அன்றே மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தாள். என்ன சடங்கு என்று நாங்கள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அரிவாள்மணையைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டாய்.

அப்போது நம் தெரு எப்படி இருந்தது என்பது உனக்கு முழுதாகத் தெரியாது, நீ தூரத்தில் இருந்தாய். ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் நமக்கு அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் ஏற்றிக் கேட்டால் வெளியூர் ஆளை இறக்கினார்கள். கிழக்கே குடிசைக்குள் ஆட்களை வைத்து எரித்த செய்தி வந்த பிறகு, நம் தெருவில் பெண்கள் தண்ணீர்க் குடத்தை நிரப்பாமல் படுத்ததில்லை. போலீஸ் வந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போகும். போனவன் நடந்து திரும்பமாட்டான்.

விவசாயக் கூலிகள் சங்கத்துக்கு நம் தெருவில் என் வீட்டுக்காரர்தான் செயலாளர். அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. காக்கிச் சட்டை வந்து யாரைக் கேட்டாலும், அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்ல வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தோம். அந்தச் சட்டம் எத்தனையோ பேரை அடியிலிருந்து காப்பாற்றியது. அதில் நான் பொய் சொல்லமாட்டேன்.

ஏட்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "இங்க காத்தமுத்து மவன் யாரு?" என்றார்.

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எங்களிடம் காரணம் சொல்லிக் கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

அப்பாவின் பெயரைக் கேட்டதும் அம்மாவின் கையில் முறம் நின்றுவிட்டது. பெரியப்பா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். போலீஸ் வந்தால் அவரைப் பார்ப்பதுதான் பழக்கம். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். அசைத்தது ஒரு மயிரிழைதான்.

"அப்புடி யாரும் இங்க இல்லீங்களே ஏட்டையா" என்றார் பெரியப்பா.

"காத்தமுத்துன்னு ஒருத்தன் இருந்தானா இல்லியா?"

"அவரு செத்து வருசமாச்சு. புள்ளகுட்டி ஒண்ணும் இல்ல" என்றாள் அஞ்சலை அத்தை, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏட்டு அம்மாவைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்றார். நம்மைப் பெற்றவள், "நான் இந்த ஊருக்கு நடவுக்கு வந்தவங்க" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. அவர் போன பிறகு, முறத்திலிருந்த அரிசி மண்ணில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். அதைப் பொறுக்கிக்கொண்டே, "எம்புள்ளய காப்பாத்திட்டேன்" என்றாள். என் வீட்டுக்காரர் வாய்க்காலுக்குக் கால் கழுவப் போனார்.

ஒரு மாதம் கழித்து நீ டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றாய். "என்னண்ணே, லீவா?" என்று கேட்டேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "நான் இல்லவே இல்லியாம் தங்கச்சி" என்றாய். நிரந்தரமாக எடுப்பதற்கு முன்னால் சொந்த ஊரில் போலீஸ் விசாரிக்குமாம். விசாரித்ததில் இப்படி ஓர் ஆள் அந்த ஊரில் கிடையாது, காத்தமுத்துவுக்குப் பிள்ளையே இல்லை என்று பதில் போனதாம். பொய்யான ஊரைச் சொன்னவன் என்று உன்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உன் மேஸ்திரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம்.

அம்மா மறுநாளே போலீஸ் டேசனுக்குப் போனாள். நானும் போனேன். "சாமி, அவன் எம்புள்ளதான்" என்று கும்பிட்டாள். "அன்னைக்கு இல்லேன்ன புள்ள இன்னைக்கு எப்புடி வந்தான்? ஒரு மாசத்துல பெத்து வளத்துட்டியா?" என்று அந்த ஏட்டே சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் உன் தோளில் கை போட்டு, "நீ கவலப்படாத மச்சான், எம்மெல்லேகிட்ட நான் பேசுறேன்" என்றார். பேசுகிறேன், பேசுகிறேன் என்று அறுப்பு வந்தது, போராட்டம் வந்தது, ஜெயில் வந்தது. உன்னோடு வேலை பார்த்தவர்கள் நிரந்தரமாகிவிட்டார்கள்.

நீ பாபநாசம் ரோட்டில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டாய். பம்பு செட்டு சுற்றாவிட்டால் இந்த வட்டாரமே உன்னைத்தான் தேடும். சங்கத்துக்கு மனு எழுதுவது, தாசில்தாரிடம் பேசுவது, மனைப்பட்டாவுக்கு அலைவது எல்லாம் நீதான். அம்மா சாகும்வரை உன் முகத்தைப் பார்த்துச் சோறு போடவில்லை, தட்டைப் பார்த்துத்தான் போட்டாள். நீ ஒருநாளும் யாரையும் குறை சொல்லவில்லை. "விடு தங்கச்சி, என்னைக் காப்பாத்தத்தானே சொன்னாங்க" என்பாய். டிவியில் ராக்கெட் காட்டினால் கடையை அடைத்துவிட்டு வந்து உட்காருவாய். எல்லாரும் நெருப்பைப் பார்ப்பார்கள், நீ வாலைப் பார்ப்பாய். "துடுப்பு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாய். போன புயலுக்கு முன்கூட்டியே, மேலேயிருந்து எடுத்த மேகத்தின் படத்தை டிவியில் காட்டி எச்சரித்தபோதுதான், அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அம்மாவும் இல்லை, நீயும் அப்போது ஆஸ்பத்திரியில்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதுதான் புரிகிறது, தெரியாமல் இருந்தது எனக்குத்தான்.

உன் காரியம் முடிந்து, அதே புங்கமரத்தடியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். மைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. என் வீட்டுக்காரர்தான் கடைசியாகப் பேசினார். வயதாகிவிட்டது, ஆனால் மைக்கைப் பிடித்தால் குரல் வந்துவிடும். உன்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே போனவர் சொன்னார்: "மச்சான் எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரு. மாப்ள, போலீசு விசாரணைக்கு வரும், வேலைக்காகத்தான், அம்மாகிட்ட போலீசுன்னு சொன்னா பயந்துரும், நீங்க தெருவுல சொல்லி வைங்கன்னு. நான் சொல்லல. சொல்லியிருந்தா அவரு வானத்துக்கு ராக்கெட்டு விட்டுக்கிட்டு இருந்திருப்பாரு. நமக்கு இப்புடி ஒரு ஆளு கெடச்சிருப்பாரா?"

கூட்டம் சிரித்தது. கைதட்டலும் விழுந்தது.

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வந்ததும் சோறு போட்டேன். போட்டுவிட்டுக் கேட்டேன்.

"அண்ணன் உங்ககிட்ட சொன்னிச்சா?"

"எத்தன வருசத்துக் கத. உங்கண்ணனே எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"ஏன் செஞ்சீங்க?"

"அவனும் போயிட்டா, தெருவுக்கு மனு எழுத யாரு இருந்தா?"

"நீங்க கத்துக்கிட்டிருக்கலாம்ல."

அவர் குழம்பு ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

அண்ணே, பெட்டியை இறக்கி வைத்த அன்றே உனக்குத் தெரியும். தெரிந்தும் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டாய், அவர் ஜெயிலில் இருந்தபோது என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாய், அவர் மனுவையெல்லாம் எழுதினாய். நான் வாழ வேண்டும் என்றுதானே வாயைத் திறக்கவில்லை? உன் கணக்கு அது. நீ மன்னித்திருந்தால் அது உன்னோடு போகட்டும். அதை எனக்கு எழுதிவைக்க உனக்கு உரிமை இல்லை.

நான் இன்று படுத்திருக்கும் மனை அவர் அடிபட்டு வாங்கித் தந்தது. நம் தெருவில் யாரும் இப்போது கொட்டாங்கச்சியில் குடிப்பதில்லை. அதற்கெல்லாம் அவரைக் கும்பிடுகிறேன். இதற்குக் கும்பிடமாட்டேன்.

"நான் திருத்தி எழுதித் தரேன் ஆயா" என்றாள் பேத்தி. வேண்டாம் என்றுவிட்டேன். இதில் நானே எழுதவேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது. கட்டியவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வேன். ஓட்டுப் போடும் இடத்தில் சீட்டை நீட்டுவேன். இத்தனை வருட மரியாதை அது.

அரிவாள்மணை காய்ந்துவிட்டது, வாசனை அடங்கிவிட்டது. நாளைக்கு நனைத்தால் வரும். இனி ஏதாவது ஓர் ஏட்டு சைக்கிளில் வந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "உன் அண்ணனை இல்லாமல் ஆக்கியவன் இந்தத் தெருவில் உண்டா?" என்று கேட்டால், நான் யார் முகத்தையும் பார்க்கமாட்டேன். உண்டு என்பேன். இதோ, வாசல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்பேன்.

அவர் பெயர் சின்னத்தம்பி மகன் கோவிந்தராசு.